தலையில் கட்டிய ஆரோக்கியப் பேப்பரை எப்படி எடுப்பது?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறீர்கள். இந்த செமஸ்டரில் ‘தனிநபர் ஆரோக்கியமும் முழுமையான நலவாழ்வும்’ என்று இரண்டு கிரெடிட் பேப்பர் ஒன்றை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் இரண்டு மணி நேரம், இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் அறுபது பேர். ஆரோக்கியத்தின் வரையறை, சரிவிகித உணவு, யோகா, மன அழுத்தம், போதைத் தடுப்பு என்று ஐந்து யூனிட். ஸ்லைடு போட்டால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் போன் பார்க்கிறார்கள், நான் டாக்டரும் இல்லை, இதை எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பாடம் எடுக்கும் முறையைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் எனக்குக் கேட்பது வேறு: இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி, சொன்னாலும் ஒருத்தராவது மாறப்போகிறார்களா. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சத்துணவியல் படித்து, அப்புறம் பொது சுகாதாரப் பக்கம் வந்தவள். நகரத்தில் சில கல்லூரிகளில் கிட்டத்தட்ட இதே பாடத்தைப் பல வருஷம் எடுத்திருக்கிறேன். நானும் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. சாப்பாடு, தூக்கம், பழக்கம் பற்றி நான் சொல்வதை ஓரளவு தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். மனநலத்தைப் பற்றிச் சொல்வது ஒரு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும்தான்.

தகுதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் வகுப்பில் சிகரெட் கெடுதல் என்று தெரியாத ஒரு பையன் இருக்கிறானா? 2016லிருந்து பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பற்ற வைக்கிறான். தகவல் பஞ்சம் இங்கே பிரச்சினை இல்லை. பயமுறுத்துவதும் பலன் தருவதில்லை. அமெரிக்காவில் 1983ல் போலீஸ்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி போதையைப் பற்றி எச்சரிக்கும் ‘டேர்’ என்ற திட்டத்தை ஆரம்பித்து நாடு முழுக்க நடத்தினார்கள். அதில் படித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் நிலைத்து நிற்கும் பலன் எதுவும் தெரியவில்லை, கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால், பெரிய டாக்டர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போவதைவிட, அந்தப் பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிற நீங்கள் செய்யக்கூடியது அதிகம். போதாக்குறைக்கு நீங்கள் கணக்குப்பதிவு சொல்லித்தருகிறவர். இந்தப் பாடத்துக்கு உண்மையிலேயே தேவைப்படுவது அதுதான்.

வரையறை யூனிட்டை ஒரு வகுப்பில் முடித்துவிடுங்கள். உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையாக நலமாக இருப்பதே ஆரோக்கியம், நோயில்லாமல் இருப்பது மட்டுமில்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை 1948ல் நடைமுறைக்கு வந்தது. தேர்வுக்கு வரும், எழுதிப் போடுங்கள். ‘முழுமையாக’ என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் உலகத்தில் ஒருத்தரும் ஆரோக்கியமாக இல்லை என்று ஆகிவிடும் என்ற விமர்சனத்தையும் சேர்த்துச் சொன்னால் கடைசி பெஞ்சு கொஞ்சம் நிமிரும். உங்கள் சிலபஸில் இருக்கிற அந்த ஆறு இதழ் படம், அதாவது உடல், உணர்வு, அறிவு, சமூகம், ஆன்மிகம், தொழில் என்று பிரிப்பது, 1976ல் பில் ஹெட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தது. வசதிக்காகப் பிரித்த பிரிவு அது, ஆராய்ச்சியில் கண்டுபிடித்த உண்மை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு இதழுக்கும் பத்துக்கு எத்தனை என்று பிள்ளைகளை மார்க் போடச் சொல்லும் பயிற்சியைப் பல இடத்தில் பார்க்கிறேன். பொழுது போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் ஒரு தாளைக் கொடுத்து நேற்றைய 24 மணி நேரத்துக்குக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். எழுந்த நேரம், வண்டி ஏறிய நேரம், வாயில் போட்டது, குடித்தது, உட்கார்ந்தது, நடந்தது, படுத்தது எல்லாம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த தாள்களில் பலவற்றைக் கலந்து ஒன்றைச் சொல்கிறேன். திருநின்றவூர்ப் பெண். காலை ஐந்துக்கு எழுந்து, வீட்டு வேலையில் பங்கு, ஆறரை எலக்ட்ரிக் ட்ரெயின், முதல் ஷிப்ட் எட்டரைக்கு. காலைச் சாப்பாடு இல்லை. பத்தே முக்கால் இடைவேளையில் கேன்டீனில் ஒரு சமோசாவும் டீயும், வரிசையில் நின்று வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். ஒன்றரைக்கு வகுப்பு முடிந்து, டப்பாவில் இருக்கிற எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுவிட்டு தி.நகரில் ஜவுளிக்கடை வேலை, ஒன்பது வரைக்கும் நின்றபடி. மாம்பலத்தில் ரயில் பிடித்து, பார்க்கில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, மறுபடி ரயில். வீட்டுக்குப் போய்ச் சேர பதினொன்று. போன் பார்த்துக்கொண்டே தூங்க ஒரு மணி. நாலு மணி நேரத் தூக்கம். இந்தப் பெண்ணிடம் போய் மறுநாள் காலை ‘எட்டு மணி நேரம் தூங்க வேண்டும், ஐந்து வண்ணக் காய்கறி சாப்பிட வேண்டும்’ என்று ஸ்லைடு போட்டால் அவள் தூங்குவதுதான் ஆரோக்கியமான செயல்.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு பத்தி பிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் பற்று வரவு மாதிரியே. இடது பக்கம், இதில் என் கையில் இருப்பது எது. வலது பக்கம், கல்லூரி, கடை முதலாளி, வீடு, மாநகராட்சி கையில் இருப்பது எது. இந்தப் பாடத்தில் நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது அந்தக் கோடுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஆரோக்கியத்தை முழுக்க ஒருவரின் சுய கட்டுப்பாடாகச் சொல்லும்போது, வலது பக்கம் நீளமாக இருக்கிற பிள்ளைக்கு நாம் குற்ற உணர்ச்சியைத் தவிர வேறெதையும் கொடுப்பதில்லை. வலது பக்கத்திலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த ஜவுளிக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். வணிகவியல் மாணவர்களுக்கு அது பாடம், அந்தப் பெண்ணின் காலுக்கு அது மருந்து. நடைமுறையில் எல்லாக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறதா என்பதை அவளே வந்து சொல்வாள்.

வலது பக்கத்தில் எனக்கு அடிக்கடி வந்த வரி ஒன்று உண்டு, சிலபஸில் அது எங்கேயும் இருக்காது. பெண்கள் காலையிலிருந்து மாலை வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். காரணம் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சொல்வார்கள்: கல்லூரிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, பக்கெட் இருந்தால் மக் இல்லை, மக் இருந்தால் தண்ணீர் இல்லை, நாப்கினைப் போட டப்பா இல்லை. அதனால் போவதில்லை, போக வேண்டாம் என்பதற்காகக் குடிப்பதில்லை. சென்னை ஏப்ரல் வெயிலில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழி விடும், பெண்களின் உடலமைப்பில் அது இன்னும் சுலபமாக வரும். எரிச்சலோடு வகுப்பில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு ‘தினமும் எட்டு டம்ளர் தண்ணீர்’ என்ற அறிவுரை எதற்கு? (அந்த எட்டு டம்ளருக்கே உறுதியான அறிவியல் அடிப்படை கிடையாது. வெயில், வேர்வை, உடல்வாகைப் பொறுத்துத் தேவை மாறும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல அளவுகோல்.) இதையே ஒரு அசைன்மென்ட் ஆக்குங்கள். நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு மாடியிலும் எத்தனை கழிப்பறை, தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், சோப்பு, மூடி போட்ட டப்பா இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரட்டும். பையன்கள் பையன்கள் பக்கத்தைப் பார்க்கட்டும், அங்கேயும் லட்சணம் தெரியும். அதைப் புகார் தொனி இல்லாமல் அட்டவணையாகப் போட்டு, தரக்குழு ஒருங்கிணைப்பாளர் வழியாக முதல்வருக்குக் கொடுங்கள். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு மூன்று மாதம் முன்னால் கொடுத்தால் தாழ்ப்பாள் தானாக முளைக்கும், நான் பார்த்திருக்கிறேன். அந்த செமஸ்டரில் பிள்ளைகள் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவது அந்தத் தாழ்ப்பாளாகத்தான் இருக்கும்.

தூக்கத்தைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே எடுத்துவிடுங்கள், சிலபஸில் அது தனியாக இல்லாவிட்டாலும். உறுதியாகத் தெரிந்தது: இந்த வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடலின் கடிகாரமே தள்ளிப்போகும், இரவு சீக்கிரம் தூக்கம் வராது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பிரயோஜனமில்லை. காபி, டீயில் இருக்கிற காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே ராத்திரி எட்டு மணிக் காபியில் பாதி ஒரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது உதவும். சந்தேகமானது: போனின் நீல ஒளிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும், அதற்கென்று விற்கிற கண்ணாடியும். ஒளியைவிட அதில் ஓடுகிற ரீல்ஸ்தான் விழிக்க வைக்கிறது என்பது என் கணிப்பு. போனை வேறு அறையில் வைக்கச் சொல்லும் வழக்கமான ஆலோசனையைச் சொல்வதற்கு முன்னால், எத்தனை பேர் வீட்டில் வேறு அறை என்று ஒன்று இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு யூனிட்டில் நீங்கள் கலோரிப் பட்டியலுக்குள் போக வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி போதும். அதன் சாரம், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தச் சக்தியில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தட்டில் பாதிக்குக் காய், கீரை, பழம் இருக்க வேண்டும். நம் டப்பாவைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, அதாவது மாவுக்கு மாவு துணை. சாதத்தை விடச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அம்மாக்களும் சேர்ந்து. அளவை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ, முட்டையோ, ஒரு கீரைப் பொரியலோ வைக்க முடியுமா என்பதுதான் பேச்சு. காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களுக்குப் பையில் ஒரு வாழைப்பழமும் வேர்க்கடலையும், சமோசா காசைவிடக் குறைவு. கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம் பேசிச் சுண்டல் போட வைப்பது வலது பக்கத்து வேலை, அதையும் பிள்ளைகளே செய்யலாம்.

ஏன் இந்த வயதிலேயே இதெல்லாம் என்று கேட்பார்கள். 2023ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி என்று கணக்கிட்டது. அந்த ஆய்வை ஒருங்கிணைத்ததே நம் ஊர் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளைதான். நம்மவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும், அதனால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 23 ஆகும்போதே கவனிக்க வேண்டும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்று நம் நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைச் சொல்லலாம். ஆனால் தயவுசெய்து வகுப்பில் எடை மெஷினைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அறுபது பேருக்கு முன்னால் எடை பார்ப்பதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற அவமானம் அந்த வருஷம் முழுக்கக் கூடவே வரும், பட்டப்பெயரோடு.

ரத்த சோகைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை, தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். உங்கள் வகுப்பில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற, ‘எப்பப் பாத்தாலும் டயர்டா இருக்கு மேம்’ என்கிற பெண்களில் எத்தனையோ பேருக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற டீ இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நன்றாகச் சேரும். இவை உறுதி. பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ஒரு வாரத்தில் ரத்தம் ஊறும் என்பது கதை. ஏற்கெனவே குறைந்துவிட்டது என்றால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டியிருக்கும், அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். பக்கத்தில் இருக்கிற மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வருவதையே ஒரு செய்முறையாக வையுங்கள், முடிவை உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை, போய் வந்ததற்கு மார்க். அரசு மருத்துவ இடத்துக்குத் தனியாகப் போய்ச் சீட்டு எழுதி, வரிசையில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவது ஒரு திறமை. பல பிள்ளைகளுக்கு அது இருபது வயதில்தான் முதல் தடவை.

பையன்கள் கண்டிப்பாகப் புரோட்டீன் பவுடரைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் சாதாரணமாகப் போதும், அறுபது கிலோ பையனுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கிராம். உடம்பை ஏற்றுவதற்காகப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லித்தான் அந்த 2024 வழிகாட்டியும் சொல்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தேவைப்படும், அது பருப்பு, முட்டை, பால், மீனிலேயே வரும். ஜிம்மில் யாராவது ஊசி என்று பேச்சை எடுத்தால் அந்த ஜிம்மை மாற்றச் சொல்லுங்கள். உடற்பயிற்சி என்றால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு, உலக சுகாதார நிறுவனக் கணக்கு. பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வரைக்கும் வேகமாக நடப்பதும் அதில் சேர்த்திதான். பத்தாயிரம் அடி என்ற எண் 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வந்தது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. யோகா யூனிட்டை உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடலாம். உடல் வளையும், மன இறுக்கம் கொஞ்சம் தளரும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. சர்க்கரையையும் தைராய்டையும் யோகாவே குணப்படுத்தும், மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது மேடையில் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கவலை, மாறுவார்களா. அறுபது பேரும் மாற மாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு செமஸ்டருக்கு ஒருத்தருக்கு ஒரே ஒரு பழக்கம், இடது பத்தியிலிருந்து அவர்களே தேர்ந்தெடுத்தது. ‘நிறைய நடப்பேன்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ‘செவ்வாய், வியாழன் அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இல்லாமல் நடப்பேன்’ என்று எப்போது, எங்கே என்பதோடு எழுதினால் நடப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது, இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை மறந்துவிடுங்கள். லண்டனில் நடந்து 2010ல் வெளியான ஓர் ஆய்வில் நடுவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 நாள் வரைக்கும் கணித்தார்கள். அதனால் பத்து நாளில் விட்டுவிட்டவன் தோற்றவன் இல்லை. மார்க்கைப் பலனுக்குப் போடாதீர்கள், நேர்மையாக எழுதியதற்குப் போடுங்கள். பலனுக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் ராத்திரி மூன்று கலர் பேனாவில் எழுதி முடிக்கிற கலையில் நம் பிள்ளைகளை யாரும் ஜெயிக்க முடியாது.

மனநலம் யூனிட்டில்தான் நீங்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று தன் சோகத்தைச் சொல்ல வைக்கும் ‘மனம் திறக்கும்’ பயிற்சி எதுவும் வேண்டாம். திறந்ததை மூட உங்களுக்கோ எனக்கோ பயிற்சி கிடையாது. எல்லோரையும் கண்ணை மூடித் தியானம் செய்ய வைப்பதிலும் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் 8,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2022ல் வந்தது, வழக்கமான பாடத்தைவிட மனக்குவிப்புப் பயிற்சி மேலாக எதுவும் செய்யவில்லை. கல்லூரி வயதில் விருப்பப்பட்டுச் செய்பவர்களுக்கு உதவலாம், அது வேறு. நீங்கள் உறுதியாகச் சொல்லித்தரக்கூடியது மூன்று விஷயம். சோகம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம், பசி கெட்டு, அன்றாட வேலை நடக்காமல் இருந்தால் அது ஆளின் குணம் இல்லை, சிகிச்சை இருக்கிற நோய். உதவி எங்கே கிடைக்கும் என்பது அடுத்தது: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து நாள் முழுக்க இலவசமாக, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. இந்த எண்களைப் போர்டில் எழுதி, எல்லோரையும் போனில் சேமிக்கச் சொல்லுங்கள், ‘பிரெண்டுக்குத் தேவைப்படும்’ என்று சொன்னால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

மூன்றாவது, வகுப்பு முடிந்து எல்லோரும் போனப்புறம் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி உங்கள் மேஜைக்கு வரும்போது செய்ய வேண்டியது. இந்தப் பாடம் எடுத்தால் அது நடக்கும். உட்கார வையுங்கள், அறிவுரையை அடக்கிக்கொண்டு கேளுங்கள். வாழ வேண்டாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு, இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள், கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தனியாக அனுப்பாமல், கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ கூடவே போங்கள், அவர்கள் கையில் ஒப்படைத்ததும் உங்கள் வேலை முடிந்தது. போலீஸ் கேஸாகிவிடும் என்று வீட்டில் பயந்து மறைப்பார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அரியர் ரிசல்ட் வரும் வாரங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணைத் திறந்து வையுங்கள்.

போதை யூனிட்டில் கஞ்சாவைப் பற்றிப் பேச வேண்டும்தான், ஆனால் வகுப்பில் சத்தமில்லாமல் இருப்பது உதட்டுக்கு அடியில் வைக்கிற புகையிலைப் பொட்டலம். புகை இல்லை, வாசனை தெரியாது, அதனால் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நினைக்கிறார்கள். அதில் இருப்பது அதே நிகோட்டின், வாய்ப் புற்றுநோய்க்கு நேர் வழி. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003லிருந்து சட்டம் இருக்கிறது. வெளியே போய் அளந்து பார்க்கச் சொல்லலாம், ஆனால் கடைக்காரரிடம் பிள்ளைகளை மோத விடாதீர்கள்.

சிலபஸ் விட்டுவிட்ட ஒன்றை நீங்களாகச் சேர்க்க வேண்டும் என்றால் நான் சாலையைச் சொல்வேன். உலக அளவில் 5 முதல் 29 வயது வரைக்கும் உயிரிழப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து. சர்க்கரை நோய் நாற்பதில் வரும், ஹெல்மெட் இல்லாத தலைக்கு அடி இன்றைக்கே படலாம். படிக்கட்டில் தொங்குவதும் இதில் சேர்த்தி, அதை வீரமென்று பேசுகிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்கிறது என்பதையும், அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை வழக்கில் இழுக்க முடியாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019லேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். பாலியல் ஆரோக்கியமும் சிலபஸில் இல்லை, கேள்விகள் மட்டும் நிறைய உண்டு. ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, பெயரில்லாமல் எழுதிப் போடச் சொல்லி, ஒரு மகப்பேறு மருத்துவரை அழைத்து அவரைப் பதில் சொல்லச் சொல்லலாம். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் இரண்டு மணி நேரமும் எந்தெந்த ஹவரில் வருகிறது என்று எழுதவில்லை. கடைசி ஹவர் என்றால், டைம்டேபிள் போடுகிறவரிடம் பேசி ஒன்றையாவது இடைவேளைக்கு அடுத்த ஹவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளைகளிடம் பசி நேரத்தில் சரிவிகித உணவு நடத்துவது அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.